அல்சைமர்: நிலைகளும் தொடக்கச் சிகிச்சையும் – நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. சாவி வைத்த இடத்தை மறக்கிறார். கேட்டதையே திரும்பக் கேட்கிறார். இது முதுமைதானே, டாக்டர்?

பதில்: சாவியை நானும்தான் தேடுகிறேன். ஆனால் பதில் சொன்ன ஐந்தாம் நிமிடத்தில் அதையே மறுபடி கேட்பதும், கேட்டதே நினைவில் இல்லாதிருப்பதும் வேறு. நினைவு வயதுக்கு மீறிக் குறைந்திருந்தாலும் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்கிறார் என்றால், அதனை லேசான அறிதிறன் குறைபாடு என்கிறோம். அது உள்ள அனைவருக்கும் டிமென்ஷியா, அதாவது அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்கு நினைவும் சிந்தனையும் சரியும் நிலை, வருவதில்லை. அல்சைமர் அந்த நிலையை உண்டாக்கும் நோய்களில் ஒன்று. நாற்பது ஆண்டுகள் வைத்த குழம்பில் பக்குவம் தவறுவது, பால் கணக்கு குழம்புவது, பழகிய தெருவில் வழி தடுமாறுவது என்று அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படும்போதுதான் அது டிமென்ஷியாவின் தொடக்க நிலையாகிறது. எனினும் முதலில் வைட்டமின் பி12, தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். மனச்சோர்வும் தூக்க மாத்திரையும்கூட மறதியைத் தரும்.

கேள்வி: எனக்கு 54 வயது. இந்த வயதிலும் வருமா?

பதில்: அரிதாக வரும். இந்நோய்க்குத் தம் பெயரைத் தந்த ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906இல் விவரித்த பெண்மணி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அவருக்கு வயது 51.

கேள்வி: மாலையானால் அப்பா சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, "வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். டோனெபெசில் தொடங்கி மூன்று மாதமாகியும் முன்னேற்றமில்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: மாலை நேரக் குழப்பம் பெரும்பாலும் நோயின் நடுக்கட்டத்தில் காண்பது. வாதாடாதீர்கள், இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போடுங்கள். குழப்பம் திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நினைவுக்கு உதவும் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூளையில் சிதைவதைக் குறைக்கும் டோனெபெசில் மாத்திரை நோயை நிறுத்துவதில்லை என்பதால், நிலைமை மேலும் சரியாமல் இருப்பதே சிலருக்குப் பலன். நீங்களாக நிறுத்தவேண்டாம், மயக்கமோ நாடித்துடிப்புக் குறைவோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் புதிய ஊசியைப் பற்றிச் சொல்கிறார். அம்மாவுக்கு அது உதவுமா, ஐயா?

பதில்: அங்கே 2023இல் லெக்கனமாப் என்ற ஊசி மருந்து முழு அனுமதியும் 2024இல் டோனனெமாப் என்ற மற்றொன்று அனுமதியும் பெற்றன. இவை மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றுகின்றன. லேசான அறிதிறன் குறைபாடும் தொடக்க டிமென்ஷியாவும் உள்ளவர்களுக்கு, அதுவும் பெட் ஸ்கேன் அல்லது தண்டுவட நீர்ப் பரிசோதனையில் அமிலாய்டு உறுதியான பிறகே, இவை பொருந்தும். லெக்கனமாப் ஆய்வில் 18 மாதங்களில் சரிவின் வேகம் 27 சதவீதம் குறைந்தது. கேட்கப் பெரிதாகத் தோன்றினாலும், நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அது 0.45 புள்ளி வேறுபாடுதான். மறுபுறம் மூளை வீக்கமும் மூளையில் நுண்ணிய இரத்தக்கசிவும் ஏற்படலாம்; இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்பவர்களுக்கும், அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணுவின் இரு பிரதிகள் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வசதி இல்லாத ஊரில் நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

கேள்வி: நோயின் பெயரை அம்மாவிடம் சொல்லலாமா?

பதில்: தொடக்க நிலையில், அவர் கேட்டால், சொல்லுங்கள். வங்கிக் கணக்கு, சொத்து, எந்தப் பிள்ளையுடன் இருப்பது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்யக்கூடிய காலம் அதுதான்.