சோறு போடுமா என்ற கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்த வருடம்தான் அப்பா படுத்த படுக்கையானார். எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். கிடைத்த வேலையில் சேர்ந்துவிட்டேன். 26 வருடங்கள் ஓடிவிட்டன. தங்கைகள் நன்றாக இருக்கிறார்கள். போன மாதம் என் மகன் ஓவியம் படிக்கப் போவதாகச் சொன்னான். “அதெல்லாம் சோறு போடுமா?” என்று கத்திவிட்டேன். அன்று மாமா என்னிடம் கேட்ட அதே கேள்வி. அப்புறம் தூக்கமே இல்லை. அன்று நான் எடுத்த முடிவு சரிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சரிதான். தங்கைகளை விட்டுவிட்டுப் போயிருந்தால் இன்று வேறொரு கடிதம் எழுதியிருப்பீர்கள். ஆனால் சரியான முடிவு என்றால் வலிக்காதா என்ன? வருத்தப்பட்டாலே தங்கைகளுக்குத் துரோகம் என்று நினைத்து இத்தனை வருடம் மென்று விழுங்கியிருக்கிறீர்கள். அதுதான் மகன் மேல் பாய்ந்திருக்கிறது.

என் அப்பா வயலின் வாசித்தவர். குடும்பத்துக்காக நிறுத்தினார். பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. வீட்டில் யாராவது பாட்டு வைத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அவருக்குச் சங்கீதம் பிடிக்காது என்றே நினைத்து வளர்ந்தோம். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பெட்டியைத் திறந்து புதுத் தந்தி மாட்டினார். பத்து நிமிடம் வாசித்திருப்பார். பிறகு இடது கை விரல் நுனிகளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருகாலத்தில் காய்த்துக் கிடந்த இடம் மெத்தென்றாகி, தந்தி பதிந்த கோடு சிவந்திருந்தது. “போயிடுச்சு” என்றார். அவ்வளவுதான். எங்களிடம் முன்பே சொல்லியிருக்கலாமே என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

எல்லாக் கலையும் ஒரே மாதிரி காத்திருப்பதில்லை. பள்ளிக்கூடமே போகாத வங்க எழுத்தாளர் ஆஷாபூர்ணா தேவி வீட்டு வேலைகளுக்கு நடுவே எழுதித்தான் 1976-ஆம் ஆண்டின் ஞானபீட விருது வரை வந்தார். எழுத்துக்குப் பேனாவும் கொஞ்சம் ராத்திரியும் போதும். வயலின் தினமும் சாதகம் கேட்கும். ஓவியம் இரண்டுக்கும் நடுவில். கோட்டின் உறுதி போயிருக்கும். பார்க்கிற கண் அவ்வளவு சுலபத்தில் போகாது. அந்தக் கல்லூரி நாட்கள் திரும்பி வராது, அதற்குப் பொய்ச் சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை.

மகன் எப்படிப் பிழைப்பான் என்ற கவலை நியாயமானது. அதை இருவரும் நிதானமாகப் பேசுங்கள். அதற்கு முன்னால், உங்களுக்கு இடம் கிடைத்த கதையை அவனிடம் சொல்லுங்கள். பழைய ஓவிய நோட்டு மிச்சமிருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் அவன் பென்சிலையே வாங்கி அவன் எதிரில் ஏதாவது வரையுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை, அவன் பார்க்கட்டும்.