பூதம் பேசுகிறது, சரி, பேட்டரியைப் பார்த்தீர்களா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். வில்லியம்ஸ் நிறுவனம் 1996-ல் வெளியிட்ட ‘டேல்ஸ் ஆஃப் தி அரேபியன் நைட்ஸ்’ பின்பால் மெஷின் (இரும்புக் குண்டை அடித்து ஸ்கோர் சேர்க்கும் விளையாட்டு இயந்திரம்) ஒன்று தரகர் மூலம் விலைக்கு வந்திருக்கிறது. விளக்கு சுழல்கிறது, பூதம் பேசுகிறது. ஆனால் ஆன் செய்யும்போதெல்லாம் ‘ஃபேக்டரி செட்டிங் ரீஸ்டோர்டு’ என்று திரையில் வருகிறது. பழைய ஸ்கோர்களும் அழிந்துவிடுகின்றன. பேட்டரி மாற்றினால் போதும் என்கிறார் தரகர். நம்பலாமா?

பதில்: அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பேட்டரி இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

படம் போட்ட பின்கண்ணாடிக்கு உள்ளே மெஷினின் மூளையான சிபியு போர்டு இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது ஸ்கோரையும் செட்டிங்கையும் காப்பாற்ற அதில் மூன்று டபுள் ஏ பேட்டரிகள் உண்டு. அவை தீர்ந்தால் நீங்கள் பார்த்த வரி வரும். அது சின்ன விஷயம். தீர்ந்த பேட்டரியை வருடக்கணக்கில் அப்படியே விட்டால் கசியும். போர்டு செங்குத்தாக நிற்பதால் கசிவு கீழே இறங்கி, செம்புத் தடங்களையும் சாக்கெட்டுகளையும் அரித்துக்கொண்டே போகும். இன்று நன்றாக ஓடும் மெஷின் நாளை ஆன் ஆகாமலே போகலாம்.

தரகர்கள் செய்யும் வேலை எனக்குத் தெரியும். கசிந்ததை வழித்துப் போட்டு, புது ஹோல்டரும் புது பேட்டரியும் மாட்டிவிடுவார்கள். பளபளக்கும் பேட்டரியைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள் (அந்தத் திரைக்கு மட்டுமே 100 வோல்ட்டுக்கு மேல் போகிறது, விளையாட்டில்லை). அப்புறம் பேட்டரிக்குக் கீழேயும் சுற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைப் பூப்பு, வெள்ளைப் பொடி, மங்கிக் கறுத்த ஈயம் தெரிந்தால், போர்டையே மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கண்ணாடியைத் திறக்க மறுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. வேறு மெஷின்களைப் பார்க்கப் போகும்போது ஹோல்டர் காலியாக இருந்தால் பயந்துவிடாதீர்கள். ஸ்கோர் மட்டும் அழியாமல் இருக்கிறதா? அப்படியென்றால் யாரோ அக்கறையுள்ளவர் பேட்டரி இல்லாமலே ஸ்கோரை நினைவில் வைக்கும் என்விரேம் என்ற மெமரி சிப் போட்டிருக்கிறார், அல்லது ஒயர் இழுத்துப் பேட்டரியைப் போர்டுக்கு வெளியே வைத்திருக்கிறார். என்விரேம் போட்டால் உள்ளே உள்ள கடிகாரம் மட்டும் அணைக்கும்போதெல்லாம் நேரத்தை மறக்கும். அது பழுது இல்லை. அதைக் காட்டி விலை குறைக்கக் கேட்பதும் நியாயமில்லை.

வில்லியம்ஸ் 1999-லேயே பின்பால் பிரிவை மூடிவிட்டது. அதன்பிறகு வாங்குபவருக்குக் கேட்க நாதியில்லை. ‘ஃபுல்லி ரீஸ்டோர்டு’ என்று எழுதிவிட்டு, போர்டின் ஒரு படம்கூடப் போடாமல் ஆயிரக்கணக்கான டாலருக்குத் தரகர்கள் விற்பனைக்கு விடுகிறார்கள். விற்பனைத் தளங்கள் அந்த ஒரு படத்தைக் கட்டாயமாக்கினால் என்ன குறைந்துவிடும்?

போர்டு சுத்தமாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, பழகிய டெக்னீஷியனிடம் என்விரேம் போடச் சொல்லுங்கள்.