பிபிசியை உருவாக்கிய ஜான் ரீத் யார்? வானொலி அனுபவம் உள்ளவரா?

இல்லை. 1889-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த ரீத் ஒரு பொறியாளர். முதல் உலகப்போரில் முகத்தில் குண்டடி பட்டவர். 1922-ல் பிபிசி ஒரு தனியார் கம்பெனியாக இருந்தபோது அதன் பொது மேலாளர் ஆனார். அப்போது ஒலிபரப்பு என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது!

தகவல், கல்வி, பொழுதுபோக்கு மூன்றையும் தர வேண்டும் என்பது அவர் கொள்கை. விளம்பரம் கிடையாது, வானொலிப் பெட்டி வைத்திருக்க மக்கள் கட்டும் உரிமக் கட்டணமே வருமானம்.

அவருக்குப் பெரிய சோதனை, 1926-ல் பிரிட்டன் முழுக்கத் தொழிலாளர்கள் நடத்திய பொது வேலைநிறுத்தம். பிபிசியை அரசு கையில் எடுக்க வேண்டும் என்றார் அப்போது நிதியமைச்சராக இருந்த சர்ச்சில். ரீத் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் தலைவர் மெக்டொனால்டை வானொலியில் பேச அனுமதிக்கவும் இல்லை. நிறுவனம் தப்பியது, நடுநிலை தப்பவில்லை என்றே நான் சொல்வேன்.

1927-ல் பிபிசி பொது நிறுவனமானது, ரீத் முதல் தலைமை இயக்குநரானார். 1938-ல் விலகினார். அப்புறம் விமான நிறுவனம், அமைச்சர் பதவி என்று போனாலும் பழைய உயரத்தை எட்டவில்லை. 1971-ல் காலமானார்.

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு: 1935-ல் இந்திய வானொலியின் பொறுப்பை ஏற்ற லயனல் ஃபீல்டன், ரீத்தின் பிபிசியிலிருந்து வந்தவர்தான்.