மகள் உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்குப் போகலாமா: ஒரு தாய்க்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம்.மை முடித்துவிட்ட உங்கள் மகள், அரசுப் பல்கலைக்கழக இடங்களுக்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் மருத்துவத்துக்கு முன்னால் உயிர்மருத்துவ அறிவியலை வைக்க விரும்புவதாகவும், அதில் பிழைப்புக்கு வழி உண்டா என்று உங்கள் கணவர் திரும்பத் திரும்பக் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் அந்தப் படிப்புக்குப் போகலாம். மருத்துவ இடம் கிடைக்காமல் போனால் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்போடு மட்டும் போகக்கூடாது. அப்படிப் போகிற பிள்ளைகள் இரண்டாம் ஆண்டிலேயே மனம் சோர்ந்துவிடுகிறார்கள். உங்கள் மகள் தாமாகவே இதை முதலிடத்தில் வைத்திருப்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணவரின் ஐயத்தை எடுத்துக்கொள்கிறேன். மலேசியாவில் ஆராய்ச்சி என்றால் வெளிநாட்டார் கண்டுபிடித்ததைப் படித்துக் குறிப்பெழுதும் வேலை என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். இந்த எண்ணத்தை மாற்ற நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு, சரவாக்கில் ராஜாங் ஆற்றங்கரையில் இருக்கும் காப்பிட் நகரம். அங்குள்ள மருத்துவமனைக்கு மலேரியாவோடு வந்தவர்களின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், அவர்களில் பலருக்குப் ‘பிளாஸ்மோடியம் மலேரியே’ என்ற வகை கண்டிருப்பதாகப் பதிவு செய்துவந்தார்கள். அந்த வகை மெதுவாகப் பெருகக்கூடியது. அதன் ஒட்டுண்ணிகள் இரத்தத்தில் குறைவாகவே காணப்படும். காப்பிட் நோயாளிகளிடமோ ஒட்டுண்ணிகள் மிகுந்திருந்தன, நோயும் வழக்கத்தை மீறிக் கடுமையாக இருந்தது. இந்தப் பொருத்தமின்மையைக் கவனித்த மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தின் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் ஆகியோரின் குழுவினர் பி.சி.ஆர். முறையில் ஒட்டுண்ணியின் மரபணுவைச் சோதித்தார்கள். 208 நோயாளிகளில் 120 பேரிடம் இருந்தது ‘பிளாஸ்மோடியம் நோலெசி’, அதாவது நீண்டவால் குரங்குகளிடமும் பன்றிவால் குரங்குகளிடமும் காணப்படும் மலேரியா. 2004ஆம் ஆண்டு இந்த முடிவு வெளியான பிறகுதான், குரங்கு மலேரியா மனிதருக்கு எப்போதோ ஒருமுறை வரும் விந்தை என்ற கருத்து உலக அளவில் மாறியது.

இதன் பயன் நேரடியானது. ‘மலேரியே’ வகை இரத்தத்தில் ஒருமுறை பெருக 72 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நோலெசிக்கு 24 மணி நேரம் போதும். ஆகவே ஒன்றை மற்றொன்றாகக் கருதி மெத்தனமாக இருந்தால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. மனிதரிடையே மட்டும் பரவும் மலேரியா வகைகள் 2018 முதல் மலேசியாவில் உள்ளூர்த் தொற்றாகப் பதிவாகவில்லை என்பது நாட்டின் பெரிய சாதனை. ஆனால் நோலெசி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைப் பாதிக்கிறது, அவர்களில் பெரும்பாலோர் சபாவிலும் சரவாக்கிலும் காட்டை ஒட்டி வேலை செய்பவர்கள். கொசுவலைக்குள் தூங்குவதால் மட்டும் இதைத் தடுக்க முடிவதில்லை, ஏனென்றால் சபாவில் இதைப் பரப்பும் அனோஃபிலிஸ் பலபசென்சிஸ் கொசு, மாலை மங்கியதும் வீட்டுக்கு வெளியே கடிப்பது. காடு அழிக்கப்பட்ட இடங்களைச் சுற்றி நோய் கூடுகிறதா என்று அறிய, ஆய்வாளர்கள் சபாவில் ட்ரோன்களைப் பறக்கவிட்டு நிலப்பரப்பை வரைபடமாக்கியிருக்கிறார்கள்.

இந்த ஒரே நோயின் பின்னால் எத்தனை வகையான வேலைகள் இருக்கின்றன என்பதை உங்கள் கணவர் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு சொன்னேன். நுண்ணோக்கியில் பார்ப்பவர், மரபணுச் சோதனை செய்பவர், கொசுக்களைப் பிடித்து வகைபிரிக்கும் பூச்சியியலாளர், குரங்குகளை ஆராயும் விலங்கு மருத்துவர், தரவுகளைக் கணக்கிடும் புள்ளியியலாளர், கிராமத்து மக்களிடம் பேசி ஒப்புதல் பெறும் களப்பணியாளர் என்று ஒவ்வொருவரும் தேவைப்படுகிறார்கள். நோயாளிக்கு மருந்து எழுதும் மருத்துவர் இந்த வரிசையில் ஒருவர் மட்டுமே.

நிப்பா கிருமியின் கதையை நீங்கள் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். 1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் தொடங்கி, நெகிரி செம்பிலானுக்குப் பரவிய மூளைக்காய்ச்சலை, முதலில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினார்கள். அதற்கான தடுப்பூசி போட்டும், புகை அடித்தும் நோய் நிற்கவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். விழுந்தவர்கள் பெரும்பாலும் பன்றிகளோடு நேரடியாகப் பழகிய வயது வந்தவர்களாகவே இருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், நோயாளியின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து புதிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்து, அதை அமெரிக்காவிலுள்ள ஆய்வகத்துக்குக் கொண்டுசென்று உறுதிப்படுத்தினார். அதன் பிறகே நோயைக் கட்டுப்படுத்தும் வழி தெரிந்தது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள்; பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. சுங்கை நிப்பா என்னும் கிராமத்தின் பெயரைத் தாங்கிய அந்தக் கிருமி 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் தோன்றியபோது, பழந்தின்னி வௌவால்களைச் சந்தேகிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. தியோமான் தீவில் வௌவால்களின் சிறுநீரிலிருந்து அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்த மலேசிய ஆய்வும் அதற்கு ஒரு காரணம்.

பழைய செய்தி ஒன்றையும் இங்கே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதில் நம் மக்களுக்கும் பங்கு உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் இந்த நாட்டில் பல உயிர்களைக் குடித்தது. சுத்தமாகத் தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் நோயில் விழ, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பினார்கள் என்ற வேறுபாட்டை அக்காலத்து மருத்துவர்கள் கவனித்தார்கள். 1900ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் செய்த ஆய்வுகள், நோய்க்குக் காரணம் தீட்டிய அரிசியே என்று நிறுவ உதவின. அதே கழகம்தான் இன்று டிங்கிக் காய்ச்சலுக்கு எதிராக வேறொரு பெரிய முயற்சியில் ஈடுபட்டிருக்கிறது. வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிரி ஏடிஸ் கொசுவின் உடலில் குடியேறினால், அந்தக் கொசுவுக்குள் டிங்கிக் கிருமி எளிதாகப் பெருக முடிவதில்லை. தாய்க்கொசு அதைத் தன் முட்டைகளுக்கும் கடத்துகிறது. வெப்பத்தைத் தாங்கக்கூடிய ஒரு வகை வோல்பாக்கியாவைக் கொண்ட கொசுக்களை 2017 முதல் சிலாங்கூரில் விடுவித்து ஆராய்ந்ததில், விடுவித்த பகுதிகளில் டிங்கி ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததாக 2019இல் ஆய்வு முடிவு வெளியானது. குடியிருப்புக்குக் குடியிருப்பு சென்று, வேண்டுமென்றே கொசுவை விடப்போகிறோம் என்று மக்களுக்கு விளக்கிச் சம்மதம் பெற்ற பிறகே இது நடந்தது. அறிவியலை மக்கள் மொழியில் சொல்லத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் எவ்வளவு மதிப்பு என்பதை இதிலிருந்து நீங்கள் உணரலாம். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் சரளமாக வரும் உங்கள் மகளுக்கு இது சிறிய பலம் அன்று.

இனி, மனத்தைத் தளர்த்தக்கூடிய செய்திகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இளங்கலைப் பட்டம் மட்டும் பெற்றவர் உடனே ஆராய்ச்சியாளர் ஆகிவிட முடியாது. பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் ஆய்வு மானியத்தின் கீழ் உதவியாளராகச் சேர்ந்து, ஆய்வுவழி முதுகலைப் பட்டத்தைத் தொடர்வார்கள். அந்த மானியம் சில ஆண்டுகளுக்கு மட்டுமே. அது முடிந்தால் வேலையும் முடியும். அடுத்த மானியம் வரும்வரை காத்திருக்க நேரலாம். தொடக்க ஊதியம் மருத்துவரின் ஊதியத்தோடு ஒப்பிடும் அளவில் இராது. முனைவர் பட்டம் பெற்று நிலையான இடத்தில் அமர முப்பது வயதைத் தாண்டுவது இயல்பு. திருமணப் பேச்சை வீட்டில் எப்போது தொடங்குவது என்பதுவரை இது தொடர்புடையது என்பதால், இப்போதே குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். அதே நேரத்தில், மருத்துவம் படித்தால் அரசு வேலை நிச்சயம் என்று உங்கள் உறவினர்கள் சொல்வதும் இன்று முழு உண்மை அன்று. 2016 இறுதி முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்படுகிறார்கள். 2021 ஜூலையில் அவர்கள் நாடு முழுவதும் மருத்துவமனைகளில் வெளிநடப்புச் செய்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தனியார் கல்லூரியில் மருத்துவம் படிக்க வீட்டை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மகளே முழு மனத்தோடு கேட்காத ஒரு படிப்புக்காக அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஆராய்ச்சிக் கூடத்துக்கு வெளியிலும் வழிகள் உண்டு. சுகாதார அமைச்சின் மருத்துவமனை ஆய்வகங்களில் நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் பிரிவுகளில் அறிவியல் அதிகாரிகள் இருக்கிறார்கள். மாவட்டச் சுகாதார அலுவலகங்களில் பூச்சியியல் அதிகாரிகள் இருக்கிறார்கள். மருந்துச் சோதனைகளை ஒருங்கிணைக்கும் பணி கடந்த பத்தாண்டுகளில் நன்றாக வளர்ந்திருக்கிறது. அதற்கென்றே 2012இல் அரசு ‘கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா’ என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. கல்லீரல் அழற்சி ‘சி’ நோய்க்கான ராவிடாஸ்விர் மருந்து மலேசிய, தாய்லாந்து மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டு, 2021 ஜூனில் மலேசியாவில் பதிவு பெற்றது. அதைப் போன்ற சோதனைகளில் நோயாளிகளின் ஒப்புதல் படிவம் முதல் இரத்த மாதிரிகளின் கணக்குவரை பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு உயிர்மருத்துவப் பட்டதாரிகள் பொருத்தமானவர்கள். மருந்துச் சோதனைகளை முறையாக நடத்துவதற்கான, ஜி.சி.பி. என்று சொல்லப்படும் பயிற்சிச் சான்றிதழை அதற்கு முன்பே பெற்றுவிடுவது நல்லது.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். உயிர்மருத்துவ அறிவியல், உயிரித் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல் என்று பெயர்கள் பல இருந்தாலும், நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்யும் எண்ணம் இருந்தால், அந்தப் பட்டம் 2016ஆம் ஆண்டின் இணைச் சுகாதாரத் தொழிலர் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ள ஏற்கப்பட்டதா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிதான் நோக்கம் என்றால், இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தை எந்தப் பேராசிரியர்களின் ஆய்வகங்களில் செய்யலாம், அவர்கள் அண்மையில் என்ன வெளியிட்டிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். வெப்பமண்டலத் தொற்றுநோய்களுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்திலும், நோயறியும் கருவிகளுக்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும், மலேரியாவுக்கு மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்திலும் நல்ல மரபு இருக்கிறது. டைஃபாய்டை விரைவில் கண்டறியும் டைஃபிடாட் சோதனை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உருவானதுதான்.

புள்ளியியலை மகள் வெறுக்கக்கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: உயிரியலைக் கணக்கிலிருந்து தப்பிக்கும் வழியாக நினைத்து வரும் மாணவர்கள், ஆய்வு என்ற நிலைக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். முதலாண்டிலேயே புள்ளியியலுக்குப் பயன்படும் ‘ஆர்’ என்னும் கணினி மொழியைக் கற்கத் தொடங்கினால், மானியம் முடிந்து வேலை தேட நேரும் காலத்தில் அதுவே கைகொடுக்கும்.

சரவாக்கில் இடம் கிடைத்தால் பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று தயங்குகிறீர்கள். அனுப்புங்கள். படிப்பு முடிந்து அங்கேயே வேலை பார்ப்பதென்றால் தீபகற்பத்தினருக்குத் தனி வேலை அனுமதி தேவை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நோய்க்கிருமிகளைக் கையாள்வதில் ஆபத்து உண்டா என்று கேட்டிருந்தீர்கள். ஆய்வகங்களுக்குப் பாதுகாப்பு நிலைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. நிப்பா போன்ற கிருமி மிக உயர்ந்த நான்காம் நிலைக்குரியது. இளங்கலை மாணவர் யாரையும் அதன் அருகில் விடமாட்டார்கள். களப்பணியில்தான் சற்றுக் கவனம் வேண்டும். மாலையிலும் இரவிலும் கொசு பிடிக்கச் செல்லும் குழுவில் பெண்கள் தங்கும் ஏற்பாடு என்ன, வாகனம் உண்டா, மலேரியாத் தடுப்பு மருந்து தருகிறார்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

விண்ணப்பம் மூடுவதற்குள் மகள் ஒன்றைச் செய்யட்டும். தமக்குப் பிடித்த துறையில் ஆய்வு செய்யும் பேராசிரியர் ஒருவருக்குச் சுருக்கமாக மின்னஞ்சல் எழுதி, விடுமுறையில் சில வாரம் ஆய்வகத்தில் வந்து பார்க்க அனுமதி கேட்கட்டும். பதில் வராவிட்டால் இன்னொருவருக்கு எழுதட்டும். ஒரே சோதனையை மறுபடியும் மறுபடியும் செய்து, பெரும்பாலான நாள் எதிர்பார்த்தது கிடைக்காமல் வீடு திரும்புவதை நேரில் பார்த்த பிறகும் அவருக்கு இதே விருப்பம் இருந்தால், உயிர்மருத்துவத்தையே முதலிடத்தில் வைத்துக் கையெழுத்திடுங்கள். பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்விக் கடனுக்கான விவரங்களை இடம் உறுதியானதும் என்னிடம் கேளுங்கள். உங்கள் கணவரையும் அழைத்து வந்தால் மூவருமாகப் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்