கணவருக்கு அம்பாலா கன்டோன்மெண்டுக்கு போஸ்டிங்: பிள்ளைகளை அங்கே சேர்ப்பதா, ஊரிலேயே படிக்க வைப்பதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால்: கணவர் ராணுவத்தில் ஹவில்தார். வீடு வேலூர் பக்கம். மகள் மெட்ரிக் பள்ளியில் ஏழாவது முடிக்கப் போகிறாள், மகன் இரண்டாவது. இப்போது ஹரியானாவில் இருக்கும் அம்பாலாவுக்கு போஸ்டிங் வந்திருக்கிறது, குடும்பத்தையும் வைத்துக்கொள்ளலாம். மாமியாரோ "பிள்ளைங்க படிப்பு கெட்டுடும், இங்கேயே விட்டுட்டுப் போ" என்கிறார். கேந்திரிய வித்யாலயாவா, ஆர்மி பப்ளிக் ஸ்கூலா, இல்லை ஊரேதானா?

கூட்டிக்கொண்டு போங்கள். என் கணவர் சுபேதாராக ஓய்வு பெற்றவர். ஜான்சி, செகந்திராபாத், பதான்கோட் என்று இரண்டு பிள்ளைகளோடு சுற்றியவள் நான். பீஸ் ஸ்டேஷன், அதாவது குடும்பத்தோடு இருக்கக்கூடிய ஊர், கிடைக்கிற அந்த இரண்டு மூன்று வருடம்தான் பிள்ளைகள் அப்பாவோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிற காலம். அடுத்தது ஃபீல்டு. அப்போது நீங்களே நினைத்தாலும் கூடப் போக முடியாது. அந்தக் காலத்துக்குத்தான் ஊர் இருக்கவே இருக்கிறதே.

ஆனால் எந்தப் பள்ளி என்று பார்ப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். அம்பாலா முடியும்போது மகள் எந்த வகுப்பில் இருப்பாள்? எட்டாவதில் சேர்ந்தால், மூன்று வருடம் இருந்தால் பத்தாவது முடித்துவிட்டுக் கிளம்பலாம். அருமை. இரண்டே வருடத்தில் ஆர்டர் வந்துவிட்டால் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். ராணுவக் குடும்பங்களுக்கு இருப்பதிலேயே மோசமான நேரம் அதுதான். சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாவதிலேயே மாணவரின் பெயரைப் பதிந்துவிடுவார்கள். பத்தாவதில் பள்ளி மாற வேண்டுமானால் பெற்றோரின் பணி மாற்றத்தைக் காட்டி போர்டின் அனுமதி வாங்க வேண்டும், புதுப் பள்ளியிலும் அதே பாடங்கள் இருக்க வேண்டும். சி.பி.எஸ்.இ.க்குள்ளேயே இவ்வளவு. ஸ்டேட் போர்டில் ஒன்பது முடித்துவிட்டு நேராக சி.பி.எஸ்.இ. பத்தில் சேர்வது நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்று, பன்னிரண்டுக்கும் இதே கதைதான்.

அதனால் 9-10 ஒரு ஜோடி, 11-12 ஒரு ஜோடி. ஒரு ஜோடியை ஒரே ஊரில் முடிக்கப் பாருங்கள். நடுவில் கணவருக்கு மட்டும் மாற்றல் வந்தால், பிள்ளை படிப்பைக் காரணம் காட்டி குவார்ட்டர்ஸைத் தக்கவைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். ஃபீல்டுக்குப் போனால், பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கென்றே எஸ்.எஃப்.ஏ. வீடுகள் இருக்கின்றன, ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம். ஆர்டர் வந்த வாரமே யூனிட் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது பள்ளி. கேந்திரிய வித்யாலயா (கே.வி.) பிறந்ததே நம்மைப் போன்றவர்களுக்காகத்தான். 1963-ல் ரெஜிமெண்ட் பள்ளிகள் இருபதை எடுத்துத்தான் 'சென்ட்ரல் ஸ்கூல்' என்று ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் சேர்க்கையில் மத்திய அரசு ஊழியர்களும் படைவீரர்களும் முதல் பிரிவு. அதற்குள் கடந்த ஏழு வருடத்தில் எத்தனை மாற்றல் என்று எண்ணி முன்னுரிமை தருவார்கள். யூனிட்டில் கமாண்டிங் ஆபீசர் கையெழுத்தோடு சர்வீஸ் சர்டிபிகேட் வாங்கும்போது அந்த மாற்றல் எண்ணிக்கை சரியாக ஏறியிருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். கிளார்க் அவசரத்தில் ஒன்றை விட்டால் பட்டியலில் பின்னால் போய்விடுவீர்கள்.

கே.வி.யின் உண்மையான பலம் அடுத்த மாற்றலில்தான் தெரியும். ஒரு கே.வி. டி.சி.யைக் கொண்டுபோனால் அடுத்த ஊர் கே.வி.யில் இடம் கிடைப்பது பெரிய பாடில்லை. முதல்முறை உள்ளே நுழைவதுதான் கஷ்டம். இரண்டாம் வகுப்பும் அதற்கு மேலும் காலி இடம் இருந்தால்தான் சேர்ப்பார்கள். எட்டாவது வரை நுழைவுத் தேர்வு இல்லை. ஒன்பதாவதுக்கு வெளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தேர்வு உண்டு, அதில் இந்தியும் ஒரு பகுதி. உங்கள் மகளை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாமல் எட்டாவதிலேயே கொண்டுபோகச் சொல்வதற்கு இது ஒன்றே போதும். கட்டணமும் நம் மெட்ரிக் பள்ளிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்றுமே இல்லை. எட்டாவது வரை டியூஷன் ஃபீஸ் கிடையாது, பெண் பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் கிடையாது. மாதாமாதம் வளர்ச்சி நிதி என்று கொஞ்சம் கட்டுவோம், அவ்வளவுதான்.

ஆர்மி பப்ளிக் ஸ்கூல், 1983-ல் தொடங்கிய ஆர்மி வெல்ஃபேர் எஜுகேஷன் சொசைட்டியின் கீழ் வருகிறது. அதுவும் சி.பி.எஸ்.இ.தான். பணியில் இருக்கும் ராணுவத்தினர் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம், வருட நடுவில் வந்தாலும் நம் நிலைமை அவர்களுக்குப் புரியும். கட்டணம் ரேங்க்கைப் பொறுத்து மாறும், ஆனாலும் கே.வி.யை விடக் கூடுதல்தான். விளையாட்டு, மேடை, ஆங்கிலப் பேச்சு இதிலெல்லாம் கொஞ்சம் பளபளப்பு அதிகம். ஆபீசர் பிள்ளைகளும் ஜவான் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள் என்றாலும், பிறந்தநாள் விழா என்று வரும்போது அந்த வித்தியாசம் பிள்ளைகள் கண்ணில் படாமல் இருக்காது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

என் ஓட்டு கே.வி.க்கு. இடம் இல்லை என்றால் யோசிக்காமல் ஆர்மி பப்ளிக் ஸ்கூல். அம்பாலாவில் இரண்டும் இருக்கின்றன. கன்டோன்மெண்டுக்கு வெளியே இருக்கும் பெரிய பெயர் தனியார் பள்ளிகள் பக்கம் போகாதீர்கள். டொனேஷன் மாதிரி ஒரு தொகையைக் கட்டிவிட்டு இரண்டு வருடத்தில் விட்டுவிட்டு வருவதில் என்ன லாபம்?

இனி மாமியார் பயப்படுகிற விஷயம், இந்தி. சின்னவனை விடுங்கள், குவார்ட்டர்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் ஆடியே தீபாவளிக்குள் உங்களுக்கே இந்தி சொல்லிக் கொடுப்பான். பெரியவளுக்குத்தான் கஷ்டம். பேச்சு வந்துவிடும், எழுத்து வராது. எட்டாவதில் கே.வி.யில் இந்தியும் இருக்கும், மூன்றாம் மொழியாக சம்ஸ்கிருதமும் இருக்கும். என் மகள் முதல் பருவத் தேர்வில் இந்தித் தாளைக் கிட்டத்தட்ட வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாள். வகுப்பாசிரியை கோபப்படவில்லை, "மெட்ராஸ்ல இருந்தா வர்ற?" என்று கேட்டு நாலாம் வகுப்பு இந்திப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அதைத்தான் நானும் சொல்வேன். போவதற்கு முன் இருக்கிற மாதங்களில் எழுத்துகளை மட்டும் வீட்டில் பழக்குங்கள். வேலூரில் இந்தி பிரச்சார சபா பரீட்சைக்குச் சொல்லிக் கொடுக்கும் டீச்சர் உங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே இருப்பார். ஒன்பதாவதில் இந்தி, சம்ஸ்கிருதம் இரண்டில் ஒன்றை எடுக்கும் வாய்ப்பு வரும்போது எனக்குத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் சம்ஸ்கிருதத்துக்குப் போனார்கள். கேள்விகள் ஒரே மாதிரி வரும், மதிப்பெண் எடுப்பது சுலபம் என்பதுதான் காரணம், வேறு பக்தி ஒன்றும் இல்லை.

தமிழை யார் பார்ப்பது? நீங்கள்தான். வடக்கே கே.வி.யில் தமிழ் வகுப்பை எதிர்பார்க்காதீர்கள். டெல்லிக்கு மாற்றல் வந்தால் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் இருக்கின்றன, லோதி எஸ்டேட், ஆர்.கே.புரம், ஜனக்புரி என்று. அம்பாலாவில் அது இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, சின்னவனுக்கு அவன் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இறக்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு பாடம் வாசிக்க வையுங்கள். பாசத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு ஊர் திரும்பி ஸ்டேட் போர்டில் சேர்த்தால் பத்தாவதில் தமிழ் கட்டாயம். பேசத் தெரிந்த பிள்ளை எழுதத் தெரியாமல் பொதுத் தேர்வுக்கு உட்காருவது பெரிய கொடுமை.

பணம்: குழந்தைகள் கல்விப் படி 2024 ஜனவரியிலிருந்து ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு, இரண்டு பிள்ளைகளுக்குக் கிடைக்கும். ஹாஸ்டலில் விட்டால் மானியம் 8,437 ரூபாய் 50 காசு வரை, வீட்டிலிருந்து குறைந்தது 50 கிலோமீட்டர் தள்ளி ஹாஸ்டல் இருக்க வேண்டும். வருடம் முடிந்ததும் பள்ளித் தலைமையாசிரியர் சான்றிதழோடு கிளெய்ம் செய்ய வேண்டும். இதில் பலருக்கு இடிக்கிற இடம் பார்ட் டூ ஆர்டர், அதாவது குடும்ப விவரங்களை யூனிட்டில் பதிகிற ஆணை. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி அதில் ஒரு மாதிரியும் பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருந்தால் கிளெய்ம் திரும்பி வரும். இனிஷியலை விரித்து எழுதும் வடக்கத்தி வழக்கத்தால் நம் பிள்ளைகளுக்கு இது அதிகம் நடக்கிறது. கிளம்பும் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

ராணுவப் பள்ளி பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மகனுக்கு அமராவதிநகர் சைனிக் பள்ளி நல்ல வாய்ப்பு. உடுமலைப்பேட்டை பக்கம் 1962-லிருந்து இருக்கிறது, படையினர் பிள்ளைகளுக்கு 25 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆறாவதிலும் ஒன்பதாவதிலும்தான் நுழைய முடியும். ஆறாவது நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் அவன் இப்போது இரண்டாவது. மாற்றல் தொல்லையிலிருந்து தப்பிக்க ஒரு வழி என்று நினைத்து மட்டும் அனுப்பாதீர்கள். விடியற்காலை எழுந்து ஓடுகிற வாழ்க்கை பிடித்த பிள்ளைக்குத்தான் அது. அவன் ஐந்தாவது வந்ததும் அவனையே கேளுங்கள்.

கடைசியாகத் தேதி விஷயம். நம் ஊரில் முழு ஆண்டுத் தேர்வு முடிய ஏப்ரல் ஆகிவிடும், அங்கே ஏப்ரல் முதல் தேதியே புது வகுப்பு ஆரம்பித்துவிடும். இரண்டாம் வகுப்புக்கு மேல் கே.வி. பதிவும் ஏப்ரல் தொடக்கத்தில்தான், நேரில் பள்ளியிலேயே. நீங்கள் தேர்வு முடித்து டி.சி. வாங்கிப் போய்ச் சேருவதற்குள் இடம் போய்விடும். அதனால் கணவர் முன்னால் போய், போஸ்டிங் ஆர்டர், சர்வீஸ் சர்டிபிகேட், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்களோடு பிரின்சிபாலைப் பார்த்துப் பதிந்துவிட்டு, டி.சி. எப்போது வரும் என்று எழுதிக் கொடுக்கட்டும். அதே நாளில் ஆர்மி பப்ளிக் ஸ்கூலிலும் ஒரு விண்ணப்பம். இங்கே நீங்கள் பழைய பள்ளியில் டி.சி. வாங்கும்போது எமிஸ் எண்ணையும் (தமிழ்நாட்டு மாணவர் எண்) யூடைஸ் பென் எண்ணையும் (நாடு முழுவதற்குமான மாணவர் எண்) கேட்டு வாங்குங்கள், ஆன்லைனில் பிள்ளையை விடுவித்துவிட்டார்களா என்றும் பாருங்கள். வட்டாட்சியர் தரும் இருப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் இரண்டையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிட்டே ரயில் ஏறுங்கள், அம்பாலாவிலிருந்து அதற்காக யாரும் லீவு போட்டு வர முடியாது.