பல வருடம் கிடந்த பழைய பம்ப் ஹீட்டரை மறுபடி எரிய வைக்கலாமா?

கேள்வி: பம்ப் அடித்து எரிக்கும் பழைய மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பித்தளை டாங்க், முன்னால் தாமிரக் கிண்ணம். பம்ப் அடித்தால் கையில் எந்த எதிர்ப்பும் தெரியவில்லை. இதை நானே சரிசெய்ய முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். கொஞ்சம் பொறுமை வேண்டும், தீப்பெட்டியை மட்டும் சில நாளைக்குக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். நான் முதல் ஹீட்டரைச் சரிசெய்தபோது எடுத்த எடுப்பிலேயே மினுக்க உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் தேய்த்து டாங்க்கைக் கண்ணாடி மாதிரி ஆக்கிய பிறகுதான் அதன் கழுத்தோரம் மயிரிழை விரிசல் இருப்பது தெரிந்தது. அந்த டாங்க் இன்று அலமாரியில் அழகுக்கு நிற்கிறது. அதனால் நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் டாங்க், அப்புறம் பம்ப், அப்புறம் பர்னர், பளபளப்பு கடைசி. நிப்பிள் (எரிபொருள் ஆவி பாயும் சின்ன முனை), வாஷர், பம்பின் லெதர் எல்லாமே மாற்றக்கூடியவை. டாங்க் போனால் ஹீட்டரே போயிற்று.

இது வேலை செய்யும் விதம் பம்ப் ஸ்டவ் போலத்தான். டாங்க்கில் அடைத்த காற்று மண்ணெண்ணெயை மேலே தள்ளுகிறது. சூடான குழாயில் அது ஆவியாகி, நிப்பிளின் மெல்லிய துளை வழியாகப் பாய்கிறது. பாயும் வேகத்தில் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு நீலமாக எரிகிறது. 1892-இல் சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் பிரைமஸ் அடுப்பைச் செய்த நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை. இங்கே பாத்திரத்துக்குப் பதில் தாமிரக் கிண்ணம், அவ்வளவுதான்.

சரி, டாங்க். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய மண்ணெண்ணெய் காய்ந்து வார்னிஷ் மாதிரி பழுப்பாக ஒட்டியிருக்கும். அசிட்டோன் கொஞ்சம் ஊற்றி, மெல்லிய சங்கிலித் துண்டு ஒன்றை உள்ளே விட்டுக் குலுக்கினால் பெரும்பாலும் கழன்றுவிடும். இதைத் திறந்தவெளியில், பக்கத்தில் நெருப்பே இல்லாமல் செய்யுங்கள். சங்கிலியின் ஒரு முனையை நூலில் கட்டி வெளியே விட்டுக்கொண்டால் திரும்ப எடுப்பது சுலபம். பச்சைக் களிம்பு இருந்தால் வெந்நீரில் கரைத்த சிட்ரிக் அமிலம் போதும், ஆனால் ராத்திரி முழுக்க ஊற விடாதீர்கள். அமிலம் பித்தளையில் கலந்திருக்கும் துத்தநாகத்தை மட்டும் அரித்தெடுத்தால் பித்தளை இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறம் தெரிந்ததுமே கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசுங்கள்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. இதற்கு வாஷர்கள் தேவை என்பதால் மூடி வாஷரையும் பம்பையும் முதலில் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கும். பர்னரைக் கழற்றி, அந்த வாயை அடைத்து, காலி டாங்க்கில் மெதுவாகச் சில அடி மட்டும் காற்றேற்றி வாளித் தண்ணீரில் முக்குங்கள். முதலில் ஒட்டியிருக்கும் காற்றெல்லாம் கலைந்து மேலே வரும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஐந்து நிமிடம் அசையாமல் விட்டுப் பாருங்கள். என் டாங்க்கில் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குமிழி முளைத்தது. அது மெல்லப் பெருத்துக் கழன்று மேலே போனது. அதே இடத்தில் அடுத்தது. கையால் தடவினால் எதுவும் தெரியாது. துடைத்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் அந்தக் கோடு பிடிபட்டது.

குமிழி ஈயப் பற்று வைத்த இணைப்பில் வந்தால் மறுபடி பற்று வைக்கலாம். டாங்க்கை நன்றாகக் கழுவி, வேலை செய்யும் இடம் தவிர மற்ற பகுதி முழுக்கத் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் ஆவி மிச்சமிருக்கும் டாங்க்கில் சூடு காட்டுவது உயிருக்கு ஆபத்து. குமிழி பித்தளைத் தகட்டிலேயே வந்தால் அந்த டாங்க்குக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். ஒட்டுப்போட்டு எரித்த சிலரை எனக்குத் தெரியும், ஆனாலும் காலுக்குப் பக்கத்தில் எண்ணெயும் அழுத்தமும் இருக்கும் ஒரு பொருளை அந்த நம்பிக்கையில் எரிக்க எனக்கு மனம் வராது.

இந்த விரிசல் எப்படி வருகிறது என்று தெரிந்தால் எந்தப் பாலிஷைத் தொடக்கூடாது என்பதும் புரியும். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகள் வெடித்துக் கிடந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும், இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். ஹீட்டர் டாங்க்கும் அழுத்தி உருவாக்கிய பித்தளைத் தகடுதான், அதற்கு மேல் பம்ப் அழுத்தம் வேறு. ஆகவே அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷ் டாங்க்குக்கு வேண்டாம். வாங்கும்போது அட்டையைப் படியுங்கள், முகர்ந்தாலே கூட அந்தக் காரம் தெரியும்.

உங்கள் பம்புக்கு வருகிறேன். எதிர்ப்பே இல்லை என்றால் பெரும்பாலும் லெதர் வாஷர் காய்ந்திருக்கும். மூடியைத் திருகிக் கம்பியை வெளியே இழுங்கள். நுனியில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு தோல் இருக்கும். காய்ந்த எலுமிச்சைத் தோல்போல விறைத்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லேசான மெஷின் எண்ணெயில் ஒரு நாள் ஊறட்டும். பிறகு விரலால் ஓரத்தை மெல்ல விரித்துவிட்டு, வாய் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள். திருப்பி மாட்டினால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது.

லெதர் சரியானதும் இன்னொன்றைக் கவனியுங்கள். ஒரு அடி அடித்துக் கையை எடுத்ததும் கம்பி தானாக மேலே ஏறி வருகிறதா? அப்படியானால் பம்புக் குழாயின் அடியில் இருக்கும் ஒருவழி வால்வு பிடிக்கவில்லை. அதற்குள் மிளகளவு ரப்பரோ தக்கையோ இருக்கும், அதை மாற்றினால் போதும். ஆனால் வால்வைக் கழற்றத் தனிச் சாவி தேவை. இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒரு நாள் காத்திருந்து முயலுங்கள். பலம் காட்டினால் பித்தளைத் தலை வழுக்கிவிடும், அதற்கப்புறம் எதுவும் அதைப் பிடிக்காது.

பர்னர் பக்கம் வந்தால் கை வைக்கும் முன் பாருங்கள். அந்தக் காலத்தில் குழாயை முதலில் சூடாக்க ஸ்பிரிட் ஊற்றும் திரியிலும் வெப்பத் தடுப்பிலும் அஸ்பெஸ்டாஸ் வைத்ததுண்டு, அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். சாம்பல் வெள்ளையில் நார் போல எது தெரிந்தாலும் உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். ஈரமாக்கி, முகமூடி போட்டு எடுத்து, பையில் கட்டிவிடுங்கள். மேண்டில் (பெட்ரோமாக்ஸ் விளக்கில் ஒளிரும் வலைப்பை) வைத்து எரியும் வகையாக இருந்தால் பழைய மேண்டிலில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கலாம். அந்தப் பொடியை ஊதாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

ஆவியாக்கும் குழாய்க்குள் கரி அடைத்திருக்கும். முழுசாக அடைத்திருந்தால் புதிது வாங்குவதே நல்லது. நிப்பிள் துளைக்கு அதற்கென்று வரும் பின்னை மட்டும் பயன்படுத்துங்கள். கைக்குக் கிடைத்த ஊசியைக் குத்தினால் துளை பெருத்து, எப்போதும் மஞ்சளாகவும் புகையாகவும் எரியும்.

தாமிரக் கிண்ணத்தைத் தாராளமாக மினுக்கலாம். வெப்பக் கதிரை அறைக்குள் திருப்புவது அதுதான். கறுத்துப்போன கிண்ணம் சூட்டைத் தானே வாங்கிக்கொள்ளும்.

முதல் முறை வெளியில், சமதளத்தில், பக்கத்தில் தீயணைப்பானுடன் ஏற்றுங்கள். சுத்தமான மண்ணெண்ணெய் முக்கால் டாங்க் மட்டும். பெட்ரோல் ஒரு சொட்டுகூடக் கலக்கக்கூடாது. மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும் அளவு ஆவி விட 38 டிகிரியாவது வேண்டும், பெட்ரோலுக்குச் சுழியத்துக்குக் கீழே 40 டிகிரியே போதும். டாங்க்கின் காற்றை வெளியே விடும் திருகைத் திறந்து வைத்து, குழாய் சூடாவதற்காகத் திரியில் ஸ்பிரிட்டை ஊற்றி எரிய விடுங்கள். அது அணையப் போகும் நேரத்தில் திருகை மூடிச் சில அடி மட்டும் அடியுங்கள். சீறலுடன் நீலம் பிடித்தால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தை ஏற்றலாம். மஞ்சள் நாக்கு மேலே தாவினால் குழாய் இன்னும் சூடாகவில்லை என்று பொருள். உடனே திருகைத் திறந்து காற்றை விட்டுவிடுங்கள், அடங்கி ஆறியதும் மறுபடி ஸ்பிரிட்டிலிருந்து தொடங்குங்கள். எரியும்போது டாங்க் வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அணைத்துவிடுங்கள்.

அறைக்குள் கொண்டுவரும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய 2.5 கிலோ கார்பன் டை ஆக்சைடும், ஒரு லிட்டருக்குச் சற்று மேலே தண்ணீரும் அறைக்காற்றில் சேரும். காற்றோட்டம் குறைந்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கான அலாரம் இல்லாமல் நான் ஏற்றுவதில்லை, இதை வைத்துக்கொண்டு தூங்குவதும் இல்லை.

உங்கள் டாங்க்கைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, குமிழி எந்த இடத்தில் வருகிறது என்று எழுதுங்கள். அதை வைத்து அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.