குளத்துக் களியில் பாதை போடலாமா?

கேள்வி: குளம் ஆழமாக்கியபோது அள்ளிய களிமண் வளவில் குவிந்து கிடக்கிறது. போன வருடம் அதில் கொஞ்சத்தைச் சீமெந்தோடு கலந்து படலையில் இருந்து வீடுவரை பாதை போட்டோம். மாரி தொடங்கி இரண்டு கிழமையில் சேறாகிவிட்டது. சீமெந்து போதவில்லையா?
– வாசகர், முருங்கன்

பதில்: சீமெந்து களிக்குள் போகவே இல்லை. அந்தப் பாதையில் ஒரு கட்டியை உடைத்துப் பாருங்கள்: வெளியே சாம்பல் தோல், உள்ளே சீமெந்து படாமல் விரலில் ஒட்டும் கறுப்புக் களி. உங்கள் பக்கத்து மண் ஈரத்தில் உப்பி, வெயிலில் பாளமாக வெடிக்கும் சாதி. அதற்கு முதலில் சுண்ணாம்பு வேண்டும். அதிலுள்ள கல்சியம் களித்துகள்களைத் திரளச் செய்ய, ஓரிரு நாளில் பிசுக்குப் போய் மண் குறுணலாகும். பிறகுதான் சீமெந்து பிடிக்கும்.

நீற்றிய சுண்ணாம்புத் தூளாக வாங்குங்கள். தோட்டத்துக்குப் போடும் டொலமைற் சுடாத கல்லின் தூள், இதற்கு உதவாது. திறந்து கிடந்து காற்றுப்பட்ட பழைய சுண்ணாம்பும் வேண்டாம்.

20 அடி நீளம், 10 அடி அகலம், இறுகியபின் 6 அங்குலத் தடிப்பு என்றால் ஒரு கியூப், அதாவது 100 கன அடி. உலர்ந்த மண் கணக்கில் ஏறத்தாழ 4½ தொன். அதற்கு 5 வீதம் சுண்ணாம்பு, அதாவது 225 கிலோ. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். 3, 5, 7 வீதத்தில் கலந்து உருண்டை பிடித்து, பொலித்தீனில் 7 நாள் சுற்றி வைத்து, ஓர் இரவு தண்ணீரில் போடுங்கள். கரையாமல் நிற்பவற்றில் குறைந்த அளவே உங்களுக்குரியது.

நாற்றமடிக்கும் சேற்றையும் வேரையும் முதலில் ஒதுக்குங்கள். மக்கிய தழை சுண்ணாம்பின் வேலையைக் கெடுக்கும். மண்ணைப் பரப்பிக் காயவிட்டு, சுண்ணாம்பு தூவி, ரொட்டவேற்றரால் கிளறி, நனைத்து மூடி இரண்டு நாள் விடுங்கள். கட்டிகள் ஓர் அங்குலத்துக்குள் நொறுங்கியதும் 4 வீதம் சீமெந்து, மூன்றரைப் பை, கலந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் உருளையால் இறுக்கி முடியுங்கள். பிந்தினால் பிடித்த பிடியை நீங்களே உடைப்பீர்கள். கையில் பிடித்த உருண்டை உதிராமல், கையை நனைக்காமல் இருந்தால் ஈரம் சரி. 7 நாள் ஈரம் காயாமல் மூடி, மேலே 4 அங்குலம் கிரவல் போடுங்கள். சீமெந்து பிடித்த களியும் தனியே சில்லுத் தேய்ப்பைத் தாங்காது.

ஆவணிக்குள் முடிப்பது நல்லது. சோளகம் வீசும் நேரத்தில் சுண்ணாம்பு தூவவேண்டாம். விடியற்காலையில், கண்ணாடியும் கையுறையும் போட்டுச் செய்யுங்கள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: இதே களியில் கல் அரியலாமா?
– வாசகி, மாங்குளம்

பதில்: தனிக் களியில் அரிந்தால் காயும்போதே வெடிக்கும். ஒரு பங்கு களிக்கு இரண்டு பங்கு மணல் சேர்த்து, 8 வீதம் சீமெந்தோடு அமுக்கு அச்சில் அரியுங்கள். மதிலுக்குப் போதும். கூரை தாங்கும் சுவர் என்றால், அரிந்த கல்லை ஆய்வுகூடத்தில் நசுக்கிப் பார்க்காமல் கட்டத் தொடங்கவேண்டாம்.